ஆரத்திச் சிவப்பு வரும்வரை

என் விசாவில் என்னைப் பற்றி எழுதியிருந்த ஒரே தகவல், நான் இன்னொருவரோடு வந்தவள் என்பது. அந்த இன்னொருவர் என் கணவர். வியட்நாமில், சைகோனின் தூ டுக் பகுதியில் உள்ள உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பொறியாளர். காலையில் நிறுவனத்தின் பேருந்து பூ மி ஹங் பகுதியில் எங்கள் அடுக்ககத்து வாசலுக்கு வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்தபின் கொண்டுவந்து இறக்கிவிடும். மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். மீதமிருந்தது பதினேழாவது மாடியில் ஒரு வீடு, ஜன்னலில் ஆற்றின் ஒரு துண்டு, நான்.

வந்த புதிதில் அந்த ஆற்றைப் பற்றி உரைநடைக் கவிதைகள் எழுதினேன். ஆறு கண்டுகொள்ளவில்லை. அதில் ஆகாயத்தாமரைத் திட்டுகள் காலையில் கடலைப் பார்த்துப் போகும். நீரேற்றம் வந்ததும் அதே வழியாகத் திரும்பி வரும். கையில் டிபன் பாக்ஸ் இல்லாததுதான் குறை. தண்ணீரில் மிதக்கிற களைக்குக்கூடப் போக ஓர் இடமும் வர ஒரு நேரமும் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநாள் நின்றேன். பிறகு கவிதையை நிறுத்திவிட்டு நூலகத்துக்குப் போனேன்.

நூலகம் நகரின் இன்னொரு பகுதியான தாவோ தியெனில், ஒரு சிறிய சர்வதேசப் பள்ளிக்குள் இருந்தது. சம்பளமில்லாத வேலை. பிள்ளைகள் திருப்பித் தந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்க வேண்டும். அடுக்கினேன். நூலகத்துக்கும் பக்கத்து வேதியியல் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் ஆய்வக உதவியாளர், ஒரு பிலிப்பைன்ஸ் பெண், வெள்ளை மேலங்கியோடு குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவார். புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவார். மறுநாள் வகுப்புக்கு வேண்டியதைத் தட்டுகளில் பிரித்து வைப்பார். எல்லாத் தட்டும் ஒரே மாதிரி இருக்கும். நாவல்களை எழுத்தாளர் பெயர் வரிசையில் அடுக்கிக்கொண்டே நான் அதைப் பார்ப்பேன். அங்கே ஒவ்வொரு பொருளும் ஏதோ நடக்கப்போகிறது என்பதற்காக வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பக்கம் எல்லாம் நடந்து முடிந்து அட்டை போடப்பட்டிருந்தது.

நான் படித்த பெண்கள் பள்ளியில் மேல்நிலையில் அறிவியல் பிரிவு கிடையாது. இருந்த பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஆகவே தமிழ் படித்தேன். இதில் சோகம் ஒன்றுமில்லை. தமிழ் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் வேலையை விட்டு ஊருக்குப் போகப்போகிறார் என்று தெரிந்ததும், அறிவியல் துறைத் தலைவியின் அறைக் கதவைத் தட்டினேன். அவர் ஸ்காட்லாந்துக்காரர். எதையும் முகம் மாறாமல் கேட்பார்.

"உங்களுக்கு வேதியியல் உண்டா?"

"தமிழ் உண்டு. முதுகலை."

"அதில் குடுவைகள் வருமா?"

"குடங்கள் வரும்."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். இந்த வேலைக்கு ஏ லெவல், அதாவது பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் மேல்நிலைத் தேர்வில், வேதியியல் வேண்டும், குறைந்தது பி தரம். பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக எழுதலாம். அடுத்த ஆகஸ்டில் முடிவு வரும்வரை தற்காலிகமாக ஒருவரை வைத்துச் சமாளிப்பார். "வேலை அனுமதி முதலானவற்றைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். வேதியியலை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அதுவரை இங்குள்ள ஆய்வகத்துக்குள் நான் வரக்கூடாது; காப்பீட்டு விதி. கண்ணாடி வழியாகப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதற்கு விதி இல்லை என்றார்.

இதைக் கணவரிடம் சொன்னபோது அவர் ரசத்தில் இருந்தார்.

"டியூஷன் யாரு?"

"நானே."

"நீயே உனக்கா?"

"ஆமா."

"வாத்தியார் எப்படி? கண்டிப்பா?"

"ஸ்டூடன்ட்தான் கொஞ்சம் மந்தம்."

"பாத்து. இந்த வயசுல பெஞ்ச் மேல ஏறி நின்னா முட்டி போயிடும்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். அதற்குமேல் எதிர்ப்பு ஒன்றும் வரவில்லை. எதிர்ப்பு இருந்திருந்தால் இதைச் சீக்கிரம் கைவிட்டிருப்பேன்.

பாடநூல் கிடைத்தது, ஊரைக் காலிசெய்த ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடமிருந்து. சோபா, சைக்கிள், நாய்க்கூண்டு ஆகியவற்றோடு அதையும் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். அதைப் படித்த பிள்ளை முக்கிய வரிகளின்மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தோடு மஞ்சள் நின்றுவிட்டது. அதுவரை எனக்கு ஒரு துணை இருந்தது, அதன்பிறகு வனாந்தரம்.

மோல் என்ற இடத்தில் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன். அது ஓர் எண்ணிக்கை என்கிறது புத்தகம். அணுக்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, அதனால் மொத்தமாக ஒரு பெயர். சரி. ஆனால் மனசு ஒப்பவில்லை. விடிந்ததும் சந்தைக்குப் போனேன். மாம்பழக்காரி ஒரு 'ச்சூக்' என்று எடுத்துப் பையில் போட்டாள். ச்சூக் என்றால் பத்து. வீட்டில் எண்ணினால் பன்னிரண்டு. மெகாங் டெல்டாவிலிருந்து வந்தவர்களுக்குப் பத்து என்பது பன்னிரண்டு. சில இடங்களில் அதற்கும் மேல். யாரும் சண்டை போடுவதில்லை. பெயர் ஒன்று, அதற்குள் எத்தனை என்பது ஊர் வழக்கம். இதை ஒத்துக்கொள்கிற நான் மோலிடம் மட்டும் ஏன் அடையாள அட்டை கேட்க வேண்டும்? அன்றைக்கு மூன்று கணக்கு போட்டேன். மூன்றும் சரியாக வந்தன. மாம்பழம் புளித்தது.

பழைய வினாத்தாள்களோடு, திருத்துகிறவர்களுக்கான விடைக்குறிப்புகளும் இணையத்தில் கிடைத்தன. அவற்றைப் பாடநூலைவிட விரும்பிப் படித்தேன். அவ்வளவு சிக்கனமான மொழியை நான் எங்கும் பார்த்ததில்லை. மாணவர் என்ன எழுதினாலும் அதற்கு மூன்றே கதி: ஏற்கலாம். கண்டுகொள்ளாதே. நிராகரி. கவிதை எழுதிய காலத்தில் எனக்கு இந்த மூன்று சொல் கிடைத்திருந்தால் பக்கங்கள் மிச்சமாகியிருக்கும். வீட்டிலும் பழக்கத்துக்கு வந்தது. கணவர் ஞாயிற்றுக்கிழமை தானே மீன் வாங்கி வருவதாகச் சொன்னால், ஏற்கலாம். என் அறையில் துணி மடிக்காமல் கிடப்பதைப் பற்றி ஏதாவது சொன்னால், கண்டுகொள்ளாதே.

கரிம வேதியியலை லிப்டில் படித்தேன். எது எதோடு சேர்ந்து எதுவாக மாறும், என்ன வெப்பத்தில், எந்த வினையூக்கியோடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கீழே போவேன், மேலே வருவேன். பன்னிரண்டாவது மாடியில் ஏறும் ஒரு வியட்நாமியப் பெரியவர் இதைக் கவனித்துவிட்டார். இந்த ஊரில் மாரியம்மன் கோயில் கருங்கல் சுவரில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு குறைகளைச் சொல்லிவிட்டு வருகிறவர்களில் பாதிக்குமேல் வியட்நாமியர்கள். நான் முணுமுணுப்பது அந்த வகை என்று அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கதவு மூடியதும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்காக ஆல்கீன்களைச் சற்று நிதானமாகச் சொன்னேன்.

எழுத்துத் தாள்களுக்கான படிப்பு இப்படியே ஓடியது. செய்முறைத் தேர்வுதான் உதைத்தது.

செய்முறையில் தரம்பார்த்தல் கட்டாயம் வரும். அமிலம் குடுவையில், காரம் மேலே அளவு போட்ட கண்ணாடிக் குழாயில், பியூரெட் என்பார்கள். குடுவைக்குள் நிறங்காட்டி சில சொட்டு. குழாயைத் திருகிக் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அமிலம் முழுவதும் தீர்ந்த அந்தக் கணத்தில் நிறம் மாறும். அங்கே நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினாலும் கூடியதுதான். இதைப் புத்தகத்தில் படித்து ஒன்றும் ஆகாது. நீச்சலைப் படிப்பது மாதிரி. தேர்வு நடத்தும் பள்ளி, பூ மி ஹங்கிலேயே இன்னொன்று, தனித்தேர்வர்களுக்குப் பயிற்சி தருவதில்லை என்று சொல்லிவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடியை நீங்களே கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னது.

யோசித்தேன். நிறங்காட்டிக்கு எங்கே போவது? புத்தகத்தில் ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது: மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி, காரத்தில் சிவக்கும்.

நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். மஞ்சளில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்பதை எனக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு புத்தகம் வந்து சொல்ல வேண்டுமா! கல்யாணம், வளைகாப்பு, பிள்ளைப்பேறு என்று என் வாழ்நாளில் நான் கரைத்த ஆரத்திகளை ஒன்றாக ஊற்றினால் சைகோன் ஆறு ஒருநாள் சிவந்து ஓடும். நான் இத்தனை காலம் வேதியியல்தான் செய்துகொண்டிருந்தேன். சான்றிதழ்தான் யாரும் தரவில்லை.

அன்றே சமையலறை ஆய்வகமானது. அமிலத்துக்கு அரிசி வினிகர், தண்ணீர் விட்டு இளக்கியது. பியூரெட்டுக்குப் பதில் ஊசியில்லாத சிரிஞ்சு. மருந்துக்கடைக்காரர் எதற்கு என்று சைகையில் கேட்டார், நான் சொட்டுவிடுவதுபோல் காட்டினேன், அவர் பூனைக்கா என்று இன்னொரு சைகையில் கேட்டார், ஆமாம் என்றேன். சுண்ணாம்புக்குச் சந்தையில் வெற்றிலைக்காரியிடம் போனேன். அவளிடமிருந்த சுண்ணாம்பு பிறக்கும்போதே ரோஜா நிறம். நிறம் மாறுவதைக் கண்டுபிடிக்க வேண்டிய பொருள் நிறம் மாறியே வந்தால் எப்படி? பலகாரத்துக்குப் பூசணித் துண்டை ஊறவைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு வேறொரு கடையில் கிடைத்தது. அதைத் தண்ணீரில் கலக்கி, தெளிய வைத்து, மேல்நீரை எடுத்துக்கொண்டேன்.

மஞ்சள் கரைத்த வினிகரில் சுண்ணாம்பு நீர் சொட்டச் சொட்ட, விழுந்த இடத்தில் மட்டும் ஒரு சிவப்பு மின்னி மறையும். பொய்யாக வெட்கப்படுகிற மாதிரி. பிறகு மறைய நேரமாகும். பிறகு ஒரேயடியாகத் தங்கிவிடும். அந்தக் கணத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம் போலிருந்தது. செய்தேன்.

எங்கள் தளத்திலேயே இரண்டு வீடு தள்ளி ஒரு காரைக்குடி ஆச்சி இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு முந்திரி ஏற்றுமதி. ஆச்சி ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தவர், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். மேடை முழுக்கக் கண்ணாடி டம்ளர்களில் சிவப்புத் தண்ணீர்.

"என்னத்தா இது, இத்தனை ஆரத்தி! யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல ஆச்சி. வேதியியல்."

"பின்ன யாருக்கு எடுக்குற?"

"வினிகருக்கு. எவ்வளவு புளிப்புன்னு பாக்குறேன்."

"நாக்குல ஒரு சொட்டு வச்சா தெரிஞ்சுட்டுப் போவுது."

"நாக்குக்கு மார்க் போடமாட்டாங்க ஆச்சி."

நான் ஒரு டம்ளரை எடுத்துத் தொட்டியில் கவிழ்க்கப் போனேன். ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடி ஆத்தி! ஆரத்தியச் சிங்க்குல ஊத்துவியா? கால் படாத எடத்துலல்ல ஊத்தணும்."

"பதினேழாவது மாடியில கால் படாத இடம் எங்க இருக்கு?"

ஆச்சி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பால்கனியில் ஒரு செம்பருத்தித் தொட்டி இருந்தது. அதன்பின் என் சோதனைகள் எல்லாம் அதற்குள் போயின. செடி சீக்கிரமே பட்டுப்போனது. கண்ணேறு அதற்குப் போய்விட்டது என்றார் ஆச்சி. உப்பு அதற்குப் போய்விட்டது என்றேன் நான். இருவரும் அவரவர் முடிவில் நின்றோம்.

ஆனால் நிறத்தைப் பொறுத்தவரை எங்களுக்குள் பேதம் இல்லை. மத்தியான வேளைகளில் ஆச்சி முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் சொட்டுவிடுவேன். இளஞ்சிவப்பாகத் தங்கியதும் நிமிர்ந்து பார்ப்பேன்.

"பத்தாதுத்தா. வெளுத்துக் கெடக்கு."

இன்னும் சில சொட்டு.

"இன்னும் விடு. பொண்ணு மாப்பிள வாசல்ல நிக்கிறப்ப இதையா கொண்டுபோயிச் சுத்துவ? சம்பந்திவீட்டுக்காரவுக என்ன நெனைப்பாக?"

அவர் சொல்வது எனக்கும் சரியாகவே பட்டது. வெளிறிய ஆரத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக எனக்கும் கை வராது. ஆகவே குங்குமம் கரைத்த மாதிரி ஒரு முழுச் சிவப்பு வரும்வரை விட்டு, அங்கே நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் அதே சிவப்பு. ஒவ்வொரு முறையும் அதே அளவு. என் கையும் கண்ணும் படிந்துவிட்டன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

ஒரு சின்ன விஷயம் மட்டும் உறுத்தியது. கணக்குப் போட்டால், வினிகரின் புளிப்பு புட்டியில் அச்சிட்டிருந்ததைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகவே வந்தது. வியட்நாமியர் பத்து மாம்பழம் கேட்டால் பன்னிரண்டு தருகிறவர்கள். வினிகரிலும் அப்படித்தான் இருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

கணவர் வந்து மேடையைப் பார்ப்பார். "இதுல சாப்பாடு எது, எக்ஸ்பெரிமென்ட் எது?" என்பார். சொல்வேன். "இல்ல, நேத்து சொல்லல, அதான் கேட்டேன்" என்பார்.

செய்முறைத் தேர்வன்று காலை நான் கதவைத் திறந்தபோது லிப்டுக்கு எதிரே ஆச்சி தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தார். உண்மையான ஆரத்தி. வெள்ளைச் சுண்ணாம்பு என் வீட்டிலிருந்து போனது.

"கெழக்க பாத்து நில்லு."

"ஆச்சி, கிழக்கு லிப்டுக்குள்ள இருக்கு."

"அப்ப லிப்டப் பாத்து நில்லு."

நின்றேன். அவர் சுற்றி முடித்து, விரலைத் தொட்டு என் நெற்றியில் வைத்தார். அந்த நேரம் லிப்ட் திறந்தது. உள்ளே பன்னிரண்டாவது மாடிப் பெரியவர், மேலே யாரையோ பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர். தாம்பாளத்தைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். ஆச்சி அவர் நெற்றியிலும் ஒன்று வைத்தார். கதவு மூடியது. நாங்கள் அடுத்த லிப்டுக்குக் காத்திருந்தோம்.

தேர்வு மேற்பார்வையாளர் வாசலில் என்னை நிறுத்தி, நெற்றியில் அடிபட்டிருக்கிறதா, முதலுதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கான மேசைக்குப் போனேன். சுற்றிலும் என் மகனைவிடச் சின்னப் பிள்ளைகள். மேசைமேல் தட்டு. எல்லாத் தட்டும் ஒரே மாதிரி. கண்ணாடிச் சுவரின் அந்தப் பக்கத்துக்கு ஒருவழியாக வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அதைக் கண்டுகொள்ளாதே என்று எனக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பியூரெட்டைத் தொட்டேன். சிரிஞ்சைவிட மரியாதையான பொருள். கொடுத்திருந்த நிறங்காட்டி பினாப்தலீன். அமிலத்தில் நிறமில்லை, காரத்தில் இளஞ்சிவப்பு. 'மறையாமல் தங்கும் முதல் வெளிறிய இளஞ்சிவப்பு' என்பது எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். குழாயைத் திருகினேன். சொட்டு விழுந்த இடத்தில் ரோஜா மின்னி மறைந்தது. மறைய நேரமாயிற்று. பிறகு, ஊதினால் கலைந்துவிடும் என்பதுபோல் ஒரு நிறம் தங்கியது.

பத்தாதுத்தா.

ஆச்சியின் குரலா என் குரலா என்று இப்போது சொல்ல முடியாது. இன்னும் சில சொட்டு விட்டேன். குடுவை திடுமென்று நிறைந்து சிவந்தது. ஆரத்தியைவிடக் கொஞ்சம் நீலம் கலந்த சிவப்பு. வெளிநாட்டு ஆரத்தி என்று வைத்துக்கொண்டேன். அளவைக் குறித்தேன். மறுபடி செய்தேன். அதே நிறம், அதே அளவு. மூன்றாவது முறையும் அச்சாக அதே. பக்கத்து மேசைப் பெண்ணின் குடுவை தற்செயலாகக் கண்ணில் பட்டது. அலசி வெளுத்த ரிப்பன் நிறத்தில் நின்றது. பாவம், குழந்தைக்கு நேரம் போதவில்லை என்று நினைத்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வியட்நாமியப் பெண், நல்ல ஆங்கிலம்.

"ஆன்ட்டி, உங்களுடையதில் என்ன ஊற்றினீர்கள்? ஜூஸ் மாதிரி இருந்ததே."

"உன்னுடையது ரொம்ப வெளிறியிருந்தது" என்றேன் ஆறுதலாக.

"வெளிறித்தானே இருக்க வேண்டும்?" என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

புத்தகத்தின் அந்த வரி, பக்கத்தில் அது இருக்கும் இடம், மேலே இருந்த படம் எல்லாம் எனக்கு அப்போதுதான் தெரிந்தன. வரியை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். வரி தலையில் இருந்தது. குழாய் கையில் இருந்தது. நடுவில் ஒரு கல்யாண வாசல் இருந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவுகளுக்குத் தனி மதிப்பெண் உண்டு, அதை வாங்கியிருப்பேன். மூன்று முறையும் அதே தப்பை அவ்வளவு துல்லியமாகச் செய்திருந்தேன். ஆனால் அந்தப் பள்ளி ஆசிரியரும் அதே கரைசல்களை வைத்து அதே சோதனையைச் செய்திருப்பார். அவர் அளவுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தோம் என்பதற்கும் மதிப்பெண். அதை வாங்கியிருக்க மாட்டேன். அந்த அளவை வைத்துப் போட்ட கணக்குகளும் என்னோடு சேர்ந்து சிவந்திருக்கும்.

பைக் டாக்ஸியில் வீட்டுக்கு வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. நெற்றியில் ஆரத்தி காய்ந்திருந்தது. அந்தத் தப்புச் சிவப்பின் மாதிரியை நெற்றியில் ஒட்டிக்கொண்டே போய்த் தேர்வு எழுதியிருக்கிறேன்.

ஆச்சி ஓடிவந்தார். "எப்படித்தா செஞ்ச?"

"சிவப்பா வந்துச்சு ஆச்சி."

"பாத்தியா! நான் சொன்னேன்ல?"

எனக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. பிறகு ஒருநாள் சொன்னேன். "வெளுப்பா வந்தாத்தான் நல்லதுன்னா, அது என்ன படிப்புத்தா?" என்றார் ஆச்சி.

எழுத்துத் தாள்கள் பாக்கி இருந்தன. செய்முறையில் விட்டதை அவற்றில் பிடித்தால் பி, பிடிக்காவிட்டால் சி. சி என்றால் நாவல்களை எழுத்தாளர் பெயர் வரிசையில் அடுக்கலாம், விசா முடியும்வரை. கணவரிடம் சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்ததைப்போல் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "என் கண்ணுக்கும் அது பத்தாதுன்னுதான் பட்டிருக்கும்" என்றார். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினார். தேர்வுகள் முடியும்வரை தினமும் கழுவினார். ஏற்கலாம்.

அந்தக் கடைசி வாரங்களில் நான் படித்ததைப் படிப்பு என்று சொல்ல முடியாது. மழை தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறு தெரியவில்லை. எனக்கும் பார்க்க நேரமில்லை. சமநிலை, வினைவேகம், மின்னாற்பகுப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் விழுங்கினேன். லிப்டில் என் வேகத்தைப் பார்த்து அந்தப் பெரியவர் கண்ணைத் திறந்தே கும்பிட்டார்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. பி.

மதிப்பெண் விவரத்தில் செய்முறைத் தாள் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகிக் கீழே நின்றது, கல்யாண போட்டோவில் யாரோடும் ஒட்டாமல் நிற்கிற சித்தப்பா மாதிரி. துறைத் தலைவி அதைத்தான் முதலில் பார்த்தார்.

"எழுத்தில் இவ்வளவு நன்றாகச் செய்தவர் செய்முறையில் என்ன செய்தீர்கள்?"

"முடிவுநிலையைத் தாண்டிப் போய்விட்டேன். மூன்று முறையும்."

"ஒரே அளவா?"

"அச்சாக."

"அந்த நிறத்தை எங்கே கற்றீர்கள்?"

"கல்யாணங்களில்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம். பிறகு இழுப்பறையிலிருந்து ஆய்வகத்தின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "அடுத்த திங்கள் முதல். குடங்கள் இல்லை, குடுவைகள்" என்றார். முகம் மாறவில்லை.

மறுவாரம் நான் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு குடுவைகளைக் கழுவினேன். நான்கு நாள் கழுவியதும் அது பாத்திரம் கழுவுவது என்பது தெரிந்தது. அதனால் என்ன? கழுவி முடித்தால் ஏதோ நடக்கப்போகிறது.

அக்டோபரில் எங்கள் பள்ளியில் செய்முறைத் தேர்வு வந்தது. பிள்ளைகளின் அளவை ஒப்பிடுவதற்காக ஆசிரியர் செய்து வைக்க வேண்டிய சோதனை, தேர்வறைக்குப் பக்கத்துத் தயாரிப்பறையில். துறைத் தலைவி கையுறையை மாட்டினார், பிறகு கழற்றினார்.

"குழாயை நீங்கள் திருகுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்."

"என் கண்ணைப் பற்றித் தெரியுமல்லவா?"

"தெரியும். அதனால்தான் நிற்கிறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தலைகுனிந்து சொட்டுவிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே நான் எங்கே நிறுத்துகிறேனோ அதை வைத்துத்தான் அவர்கள் நிறுத்திய இடம் சரியா தப்பா என்று பார்ப்பார்கள். குழாயைத் திருகினேன். குடுவையைச் சுழற்றினேன். ரோஜா மின்னி மறைந்தது. மறைய நேரமாயிற்று. பிறகு அது வந்தது: வெள்ளைப் பீங்கான் ஓட்டின்மேல் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒன்று, நிறம் என்று சொல்லக்கூடக் கூசுகிற ஒன்று. பொண்ணு மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார்கள். சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள். என் கண்ணுக்கு அது இன்னும் தொடங்கவேயில்லை.

குழாயை மூடினேன். விரல்கள் விட மறுத்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன்.

துறைத் தலைவி குனிந்து அளவைப் படித்தார். எழுதிக்கொண்டார். "இன்னொரு முறை" என்றார்.

குடுவையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். தொட்டியில் கவிழ்ப்பதற்குமுன் ஒரு கணம் நின்றேன். பிறகு, இதை யாரும் ஆரத்தி என்று சொல்லமாட்டார்கள் என்பதால், ஊற்றிவிட்டேன்.